ஒரு பிடி அட்சதையும் இரண்டு பித்தளைக் கைகளும்

பித்தளை மேசைப் பிள்ளைகளுக்கு,

வேலையிலிருந்து என்னை வழியனுப்பிய விருந்தில் மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். நான் நன்றி என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். எனக்கும்தான். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வார்த்தை வராது. கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தபோதும் அப்படித்தான். வாத்தியார் எழுப்பிக் கேட்டால் பதில் தெரிந்தும் நின்றுகொண்டே இருப்பேன், மணி அடிக்கும் வரை. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை அல்லவா. ஆகவே அன்று மைக்கில் வராததை இதில் எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வேலையை எப்படிச் செய்வது என்று எழுதப் போவதில்லை. அது உங்கள் கைக்கு வந்துவிட்டது. புதிதாக வந்திருக்கும் மெஷின்களைப் பற்றி நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். நான் எழுதுவது வேறு. வேலை முடிந்து, துடைத்து வைத்து, எல்லாம் சரியென்று நாம் கையைக் கழுவிய பிறகு ஒரு சத்தம் வருமே, அதைப் பற்றி.

முதலில் ஒன்று. நம் பியானோத் தொழிற்சாலையில் மற்றப் பிரிவுக்காரர்கள் நம் மேசையை 'அலங்காரம்' என்று கூப்பிடுவார்கள். கம்பி கட்டுகிறவர்கள், சுத்தியல் பொருத்துகிறவர்கள், சுருதி சேர்க்கிறவர்கள் எல்லாம் பியானோ செய்கிறவர்களாம். கீல், பூட்டு, சித்திரப் பலகை, விளக்குக் கை பொருத்துகிற நாம் அலங்காரமாம். என்னோடு நெடுநாள் வேலை செய்த வசந்தாவை உங்களில் சிலருக்குத் தெரியும். மெர்போக்கிலிருந்து பஸ்ஸில் வருவாள், வாய் ஓயாது. அவள் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டாள். "ஆமாலா, அவங்க பொண்ணப் பெத்தாங்க, நாம பூ வச்சு விடுறோம்" என்பாள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. வாய் திறந்து மறுத்ததும் இல்லை. இப்போது மறுக்கிறேன். பியானோவில் வெறும் அழகுக்கென்று ஒன்றும் கிடையாது.

விரலால் அழுத்தி வாசிக்கிற கட்டைகளுக்குப் பின்னால் ஓடுகிற சிவப்புக் கம்பளி நாடாவைப் பாருங்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தொட்டு, அழகாக இருக்கிறது என்பார்கள். கல்யாணப் பெண் பாவாடைக் கரை என்பாள் வசந்தா. ஆனால் அது இல்லாவிட்டால் கட்டைகள் மேலே எழும்போது பின்பலகையில் உரசும்; பாட்டோடு பாட்டாக ஒரு மர உரசலும் கேட்கும். கண்ணுக்குக் கரை, காதுக்குக் காவல்.

ஸ்குருத் தலையும் அப்படித்தான். நான் சேர்ந்த புதிதில் பரிசோதனைக்கு ஒருவர் இருந்தார். என்னைவிட வயதில் சின்னவர், பேச்சில் என்னைவிடக் கஞ்சன். தவறு கண்டால் அந்த இடத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டிவிட்டுப் போய்விடுவார், அவ்வளவுதான். நான் பொருத்திய முதல் பித்தளைக் கீல் திரும்பி வந்தபோது ஒவ்வொரு ஸ்குருவின் மேலும் ஒரு டேப். எல்லாவற்றையும் இறுக்கி அனுப்பினேன். மறுபடியும் டேப்போடு வந்தது. "அக்கா, உங்க கீலு அலகு காவடி எடுத்துட்டு வருது" என்றாள் வசந்தா. அன்று சாப்பாட்டு நேரத்தில் அவர் வேறொரு கீலைப் பார்ப்பதைத் தூரத்திலிருந்து கவனித்தேன். ஸ்குருவைத் தொடவே இல்லை. குனிந்து, ஒரு கண்ணை மூடி, வரிசையை நீளவாக்கில் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது. என் ஸ்குருத் தலைகளில் உள்ள கோடுகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் நேராக நிற்க வைத்து அனுப்பினேன். டேப் வரவில்லை.

அழகுக்குத்தான் என்று அப்போது நினைத்தேன். வெகுநாள் கழித்து அவரே போகிற போக்கில் சொன்னார்: கோடெல்லாம் நேராக இருந்தால், பிற்காலத்தில் எந்த ஸ்குரு தளர்ந்தாலும் பார்த்த உடனே தெரிந்துவிடும், வரிசையில் அது மட்டும் சாய்ந்திருக்கும். சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு வேறு வேலைக்கும் போய்விட்டார். அவர் பேசிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இனி அந்தச் சத்தம் வந்த ஆயுத பூசைக்கு வருகிறேன்.

அப்போது ஒரு வெளிநாட்டுக் கடையிலிருந்து பழைய மாதிரி பியானோ வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். முன்பக்கத்தில் கொடி செதுக்கிய பலகை, அதன் இரண்டு புறமும் மெழுகுவத்தி நிறுத்துகிற பித்தளைக் கை. கரண்ட் இல்லாத காலத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதற்காக வைத்தது, இப்போது அழகுக்கு. அந்தக் கை உள்ளே மடங்கும், வெளியே விரியும். மடங்குகிற எதிலும் மூட்டு இருக்கும். மூட்டு இருந்தால் ஆட்டம் இருக்கும். ஆட்டம் இருந்தால் பியானோ வாசிக்கும்போது கிலுகிலுக்கும். உலகம் முழுவதும் அந்தக் கைக்கு உள்ள கெட்ட பெயர் அது.

எங்கள் மேலாளர் லியோங் சார் மேசைக்கு வந்து ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். இந்த முதல் பியானோவைப் பார்க்க வாங்குகிறவர்களின் ஆள் நேரில் வருகிறார். அவருக்குப் பிடித்தால் இந்த மாதிரி தொடர்ந்து நம்மிடமே வரும், பித்தளை மேசை இருக்கும். பிடிக்காவிட்டால் அலங்கார வேலை முழுவதும் வேறு நாட்டிலுள்ள தொழிற்சாலைக்குப் போகும், நாங்கள் பின்னால் அட்டைப்பெட்டி ஒட்டுகிற கிடங்குக்குப் போவோம். அவரும் வருத்தத்தோடுதான் சொன்னார். பெட்டி ஒட்டுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் மேசையைச் சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் தோட்டத்துப் பிள்ளைகள். கையில் நுணுக்கம் இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அந்த மேசைதான் முதலில் சொன்னது. அதை விட்டுப் போவதென்றால் எப்படி?

மூட்டின் ஆட்டத்தை அடக்க உள்ளே ஒரு வளையம் போட வேண்டும். எங்கள் மேசை முழுவதும் ஒரே குரலில் சொன்னது: ரப்பர். வேறென்ன சொல்வோம். எங்கள் எல்லோருடைய அம்மாக்களும் பால் மரம் சீவியவர்கள். ரப்பர் எங்களைக் கைவிடாது என்றொரு நம்பிக்கை. சோதனைக்குச் செய்த கைகளில் ரப்பர் வளையம் போட்டோம். சத்தமே இல்லை. சில வாரத்தில் மூட்டைச் சுற்றிப் பித்தளை கறுத்துப்போனது, புகை பிடித்த மாதிரி. ரப்பரில் கலந்திருக்கும் கந்தகம் பித்தளைக்கு ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது. "நம்ம சொந்தக்காரனே காலை வாரிட்டான்" என்றாள் வசந்தா. ரப்பரை விட்டுவிட்டு மெல்லிய தோலில் வளையம் வெட்டினேன். தோல் பித்தளையைக் கறுக்கவில்லை. எத்தனை முறை மடக்கி விரித்தாலும் பேசவில்லை. அந்த வளையம் வெளியே தெரியாது. தெரியாவிட்டாலும் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது போதும்.

முதல் பியானோ தயாரானது. காக் ரொக்கையா சுருதி சேர்த்தார். அவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காக் என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டாலும் என் வயதுதான், மலாய்க்காரப் பெண்களில் முதன்முதலாக எங்கள் தொழிற்சாலையில் சுருதி சேர்க்கப் படித்தவர். அவர் முடித்த பிறகு நான் இரண்டு கைகளையும் பொருத்தினேன். ஸ்குருக் கோடுகளை நேராக நிறுத்தினேன். மறுநாள் ஆயுத பூசை.

வருஷா வருஷம் மெஷின்களுக்குத்தான் சந்தனம் குங்குமம் வைப்போம். அந்த வருஷம் வசந்தா, மேசையின் தலைவிதியே இந்தப் பியானோவில் இருக்கிறது, இதையும் பூசையில் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். லியோங் சார் சம்மதித்தார். சம்மதித்தது மட்டுமல்ல, மாலை வாங்க வசந்தாவைத் தம் காடியில் குருண் கடைத்தெருவுக்கு ஏற்றிக்கொண்டு போனார். கூடத்தின் நடுவில் பியானோ, மேலே மாலை, பித்தளைக் கைகளில் ஆளுக்கொரு சந்தனப் பொட்டு. தீபாராதனை முடிந்ததும் மஞ்சள் அரிசியை எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். முதல் மரியாதை லியோங் சாருக்கு. அவர் பிடி நிறைய வாங்கிக்கொண்டார். எங்கே போடுவது என்று விழித்தார்.

வசந்தா பியானோவின் மேல்மூடியைத் தூக்கிப் பிடித்தாள். "உள்ளயும் கொஞ்சம் போடுங்க சார். பாட்டு அங்கதான இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லியோங் சார் மிகுந்த பக்தியோடு போட்டார். காக் ரொக்கையா ஓரமாக நின்று சுண்டலுக்குக் காத்திருந்தார், அவரும் சிரித்தார். பூசை முடிந்ததும் நான் துணியை எடுத்துக் பித்தளைக் கைகளில் இருந்த சந்தனத்தைத் துடைத்தேன், கொடி செதுக்கலின் இடுக்குகளில் இருந்த குங்குமத்தைக் குச்சியால் எடுத்தேன், வெளியில் ஒரு துளி மஞ்சள் இல்லாமல் பளபளவென்று வைத்தேன். உள்ளே யாரும் பார்க்கவில்லை.

வாங்குகிறவர்களின் ஆள் வருகிற நாள் காலையில் பியானோவைப் பார்வை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜெராய் மலையை மேகம் மூடியிருந்தது, எந்த நேரமும் மழை பிடிக்கலாம் என்பது போல. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வருவார் என்று செய்தி. காக் ரொக்கையா கடைசியாக ஒரு முறை வாசித்துப் பார்க்க உட்கார்ந்தார். நாங்கள் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். நன்றாகத்தான் இருந்தது. திடீரென்று நிறுத்தினார். ஒரே கட்டையை மறுபடியும் அடித்தார். மறுபடியும்.

நடுவுக்குக் கொஞ்சம் இடதுபுறம் இருந்த ஒரு கட்டை. மெல்ல அடித்தால் ஒன்றுமில்லை. அழுத்தி அடித்தால் சுரத்தின் பின்னாலேயே ஒரு 'ஸ்ஸ்' வந்தது, கண்ணாடியில் மாட்டிக்கொண்ட ஈ மாதிரி.

லியோங் சாரைக் கூப்பிட்டார்கள். கம்பிப் பிரிவிலிருந்து ஆள் வந்தார், காலால் அழுத்துகிற மிதியைப் பொருத்துகிறவர் வந்தார். ஒவ்வொருவரும் காதை வைத்துக் கேட்டார்கள். கம்பிக்காரர் தம் கம்பியில் ஒன்றுமில்லை என்றார். மிதிக்காரர் தம் மிதியில் ஒன்றுமில்லை என்றார். சொல்லிவிட்டு இருவரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். பித்தளைக் கைகளை. காக் ரொக்கையா மட்டும் நியாயமாகச் சொன்னார்: தாம் சுருதி சேர்த்தபோது இந்தச் சத்தம் இல்லை, அதற்குப் பிறகு பியானோவில் சேர்ந்தது இந்தக் கைகள் மட்டும்தான். அதைக் குற்றமென்று சொல்ல முடியாது. நானே அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

லியோங் சார் இடதுபக்கக் கையை விரலால் பிடித்துக்கொண்டு மறுபடி அடிக்கச் சொன்னார். அவர் தம் பாரத்தைப் பியானோவின் மேல் போட்டுச் சாய்ந்து நின்றார். சத்தம் வரவில்லை. விரலை எடுத்து நிமிர்ந்தார். வந்தது.

"அக்கா, கைதான்லா" என்றார். திட்டவில்லை. தளர்ந்து போய்ச் சொன்னார். கையில்லாமல் காட்டுவோம், சித்திரப் பலகை மட்டும் இருக்கட்டும், பழைய மாதிரி பியானோவுக்குக் கை எங்கே என்று கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். வசந்தா என் காதில், "போச்சு. நாளைலேருந்து பொட்டி ஒட்ட வேண்டியதுதான்" என்றாள். எப்போதும் கிண்டலாகப் பேசுகிறவள்; அன்று குரலில் கிண்டல் இல்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு வாயில் வந்தது, என் கை சத்தம் போடாது என்பது. உள்ளே தோல் வளையம் இருக்கிறது. ஸ்குருக் கோடெல்லாம் நேராக நிற்கிறது, ஒன்றுகூடச் சாயவில்லை. அதை வாசலிலிருந்தே பார்த்துவிட்டேன். ஆனால் அதைச் சொல்லியிருந்தால் அந்த அறையில் அது மூன்றாவது 'என்னுடையதில் ஒன்றுமில்லை' ஆகியிருக்கும். முதல் இரண்டும் வெறும் வாய்ச்சொல்தான். மூன்றாவதை ஏன் நம்ப வேண்டும்? எனக்குத்தான் பேச வராதே. வராதது அன்று நல்லதாகப் போயிற்று.

பையிலிருந்து திருப்புளியை எடுத்தேன். சார் கழட்டச் சொன்னதால் கழட்டுகிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். இடது கையைக் கழட்டித் துணியில் வைத்தேன். வலது கையையும் கழட்டினேன். ஸ்குருக்களை எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். பலகையில் என்னுடையது என்று ஒன்றும் மிச்சமில்லை. பிறகு காக் ரொக்கையாவைப் பார்த்துத் தலையசைத்தேன். யாரும் பியானோவில் சாய வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் அந்தக் கட்டையை அழுத்தி அடித்தார்.

ஸ்ஸ்.

ஒரு கெட்ட சத்தத்தைக் கேட்டு என் ஆயுசில் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. துணியில் படுத்திருந்த இரண்டு கைகளையும் பார்த்தேன். பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறி வந்தது போல இருந்தது.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. மிதிக்காரர் குனிந்து மிதியின் தண்டைக் கழட்டினார். சத்தம் போகவில்லை. கம்பிக்காரர் முன்பலகையை எடுத்துத் தம் வேலையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். சத்தம் போகவில்லை. ஒவ்வொருவரும் தம்முடையதைத் தாமே கழட்டிக்கொண்டிருந்தார்கள். அறை வேறு மாதிரி ஆகிவிட்டது. நேரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அப்போது வசந்தா என் முழங்கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, அன்னிக்கு மூடியத் தொறந்தது நான்தானே. அட்சத உள்ள போயிருக்கும்."

எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்த எனக்கு அரிசி நினைவே வரவில்லை.

"சார்தான் போட்டாரு" என்றாள். "இத்தன பேருக்கு முன்னால அவரு போட்ட அரிசின்னு எப்படிச் சொல்றது? அவரு மொகம் என்னாவும்? இனிமே பூசையே வேணாம்னு மேல உள்ளவங்க சொல்லிட்டா? எல்லாம் என் வாயாலதான்க்கா. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா ஒன்னும் நெனைக்க மாட்டாரு."

அவள் சொன்னது உண்மை. நான் சொன்னால் சார் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார். பேசாதவள் பேசினால் எல்லோரும் கேட்பார்கள். வசந்தாவைக் காட்டிக்கொடுக்காமல், சார் பெயரை எடுக்காமல், கீழே திறந்து பார்க்கலாமா என்று நானே கேட்டிருக்கலாம். அது சுலபம். ஆனால் நாளைக்கு அந்த மேசை இருந்தால், அதில் என் பக்கத்தில் உட்காரப் போகிறவள் வசந்தா. ஒரு சத்தம் வந்தால் அடுத்தவளை அனுப்புகிறவளாக அவள் உட்காரக் கூடாது. அதுவும் அந்த நிமிஷத்தில் நான் நினைத்தேனா, பிறகு நினைத்தேனா என்று தெரியவில்லை. வாயில் வந்தது இவ்வளவுதான்:

"நான் என்னோடதக் கழட்டிட்டேன் வசந்தா."

என்னை முறைத்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அத்தனை பேர் நடுவில் நின்று, "சார், பூசையில மூடியத் தொறந்தது நான். அரிசி உள்ள விழுந்திருக்கும். கீழ்ப் பலகையக் கழட்டிப் பாத்துருங்க" என்றாள். அவர் போட்டதை அவள் சொல்லவில்லை.

லியோங் சார் பியானோவின் மேல்மூடியைப் பார்த்தார். அவருக்கு நினைவு வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. காலணியைக் கழட்டி ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் மண்டி போட்டுக் கீழ்ப் பலகையைத் தாமே கழட்டினார். காக் ரொக்கையா விளக்கைப் பிடித்தார். கம்பிகளுக்குப் பின்னால் உள்ள ஒலிப்பலகை, அடியில் சட்டத்தோடு சேருகிற இடுக்கில் மஞ்சள் மஞ்சளாக நாலைந்து அரிசி, கூட ஒரு செவ்வந்தி இதழ். அறைக்குத் தள்ளி வரும்போது குலுங்கிக் கீழே இறங்கியிருக்கிறது. ஓர் அரிசி மட்டும் சரியாகப் பலகைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. பலகை அதிரும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து பாடியிருக்கிறது. காக் ரொக்கையா மெல்லிய தகடால் அதைத் தள்ளி எடுத்தார். மிச்சத்தை உறிஞ்சி எடுத்தார்கள். அந்தக் கட்டையை அடித்தார். சுரம் மட்டும் வந்தது, அதன் பின்னால் ஒன்றும் வரவில்லை.

லியோங் சார் அந்த அரிசியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே எழுந்தார். மலாயில் சொன்னார், எல்லோருக்கும் புரியட்டும் என்று: நீங்கள் எல்லோரும் உங்கள் உங்கள் வேலையைக் கழட்டினீர்கள். இது என் வேலை. இதைத்தான் கடைசியாகக் கழட்டியிருக்கிறோம்.

மிதிக்காரர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். வசந்தா சிரித்துக்கொண்டே அழுதாள். பூசையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை.

சிரிக்க நேரமில்லை. வாசலில் காடி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆளுக்கொரு பக்கமாகப் பலகையையும் மிதியையும் திரும்பப் பொருத்தினார்கள். நான் கைகளை எடுத்து மாட்டினேன். வலது கை முடிந்தது. இடது கையின் கடைசி ஸ்குருவை இறுக்கியபோது கோடு சாய்ந்து நின்றது. கொஞ்சம்தான். இறுக்கம் சரியாக இருந்தது, சத்தம் வராது. ஆனால் கோடு சாய்ந்திருந்தது. அறைக்கு வெளியே பேச்சுக் குரல்.

"அக்கா, போதும்லா. வந்துட்டாங்க" என்றார் லியோங் சார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றேன்.

அத்தனை வருஷத்தில் அவரை நான் காக்க வைத்தது அந்த ஒரு தடவைதான். ஸ்குருவை வெளியே எடுத்தேன். அதன் அடியில் மெல்லிய வளையம் ஒன்று போட்டு மறுபடி மெதுவாகத் திருப்பினேன். கோடு நேராக வந்து நிற்கும்போது இறுக்கமும் வந்து நின்றது. துணியால் துடைத்துவிட்டுத் திரும்பினால், வெள்ளை முடி வைத்த ஓர் அம்மா வாசலில் குடை சொட்டச் சொட்ட நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. நான் வசந்தாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அந்த அம்மா அதிகம் வாசிக்கவில்லை. நாலு சுரம் அழுத்தி வாசித்தார், சத்தம் போட்ட அந்தக் கட்டையும் அதில் ஒன்று. பித்தளைக் கைகளை ஒரே விரலால் விரித்து மடக்கினார். பிறகு குனிந்து ஸ்குரு வரிசையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், நான் முன்பு பார்த்த அந்தப் பரிசோதனைக்காரர் மாதிரியே. நிமிர்ந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். லியோங் சார் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். எனக்குப் புரியவில்லை. பிறகு காக் ரொக்கையாவிடம் கேட்டேன். அந்த அம்மா, இவர் எப்போதும் இவ்வளவு மெதுவாகத்தான் செய்வாரா என்று கேட்டாராம். எப்போதும் என்றாராம் சார். அப்படியானால் இவரே செய்யட்டும் என்றாராம் அந்த அம்மா.

மேசை இருந்தது. இன்றும் இருக்கிறது. நீங்கள் இப்போது அதைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இவ்வளவும் எழுதினேன். தோல் வளையத்தால் மட்டும் இருக்கவில்லை. என் திருப்புளியால் மட்டும் இருக்கவில்லை. அத்தனை பேர் நடுவில் போய் நின்றாளே மெர்போக் வசந்தா, அவள் வாயாலும் இருந்தது.

எனக்குக் கர்வம் உண்டா என்று விருந்தில் ஒரு பிள்ளை கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்டு. எந்த ஊரிலோ எந்த வீட்டிலோ என் பித்தளைக் கைகளை யாரோ விரித்து மடக்குகிறார்கள், வாசிக்கிறார்கள், கை பேசாமல் இருக்கிறது. என்னைப் போலவே.

அடுத்த வருஷ ஆயுத பூசையில், அட்சதையைப் பிடி நிறைய வாங்கிக்கொண்ட லியோங் சார் போடாமல் நின்றார். கூட்டத்தில் என்னைத் தேடினார். "அக்கா, மூடி ஆச்சா?" என்று கேட்டார். அவர் தமிழில் கேட்கக் கற்றுக்கொண்ட கேள்வி அது ஒன்றுதான். நான் பூசைக்கு முன்பே கூடத்தில் இருந்த ஒவ்வொரு பியானோவாகப் போய் மூடியை அழுத்திப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். தலையாட்டினேன். அவர் போட்டார். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் கேட்பார். ஒவ்வொரு வருஷமும் தலையாட்டுவேன். அதற்குப் பேச வேண்டியதில்லை அல்லவா.

இந்த வருஷமும் கேட்பார். கூட்டத்தில் என்னைத் தேடுவார், நான் இருக்க மாட்டேன். உங்களில் ஒருத்தி தலையாட்ட வேண்டும். யார் என்று நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும். தலையாட்டுவதற்கு முன், போய் மூடியை அழுத்திப் பார்த்துவிட்டு வந்து ஆட்டுங்கள்.

உங்கள்
தனம் அக்கா